சத்தமில்லாமல் போட்ட குரவை

போன வருடம் ஹஜ்ஜுப் பெருநாளும் எங்கள் செட்டிபாளையத்துக் கண்ணகி அம்மன் கோயில் சடங்கும் அடுத்தடுத்து வந்தன. பெருநாளுக்கு முந்திய அந்த நாட்களில்தான் காத்தான்குடியில் நான் பார்த்துவந்த வேலை கைநழுவிப் போகப் பார்த்தது. அதுவும் நான் ஒரு சொல்கூடப் பேசாமல் இருந்த நேரத்தில்! என்னைத் தெரிந்தவர்கள் இதைக் கேட்டால் முதலில் சிரிப்பார்கள். பேசாமல் இருப்பது எனக்குப் பிறவியிலேயே வராத காரியம்.

முதலில் என் வேலையைச் சொல்லிவிடுகிறேன். காத்தான்குடியில் ஒரு துணிக்கடையில் இருக்கிறேன். சாறிப் பகுதியில் சும்மா விற்பனைக்கு என்றுதான் சேர்ந்தேன். நான் நல்ல வாய்க்காரி என்பதைக் கண்டுபிடித்த முதலாளி, கடையின் பேஸ்புக் பக்கத்தில் லைவ் போடும் வேலையை என் தலையில் கட்டினார். பின்னேரமானால் ஒரு சாறியைத் தோளில் போட்டுக்கொண்டு போனுக்கு முன்னால் நிற்பேன். கரை எப்படி, முந்தானை எப்படி, கழுவினால் சாயம் போகுமா, கறுத்த பிள்ளைக்கு எடுப்பாக இருக்குமா என்று மூச்சு விடாமல் சொல்லிக்கொண்டே போவேன். கட்டாரில் வீட்டு வேலை செய்யும் பெண்கள் பார்ப்பார்கள், லண்டனில் இருக்கும் மாமிமார் பார்ப்பார்கள், பக்கத்தில் குருக்கள்மடத்தில் இருப்பவர்களும் கடைக்கு வராமல் போனில் பார்ப்பார்கள். பஸ்ஸில் ஏறினால், "நீங்க லைவ் அக்காதானே?" என்று கேட்கிறவர்கள் உண்டு. எனக்கு அது பெருமையாகத்தான் இருக்கும், ஏன் மறைக்க வேண்டும்?

என் கணவர் ஓட்டோ ஓட்டுகிறார். மகள் படிக்கிறாள். எங்கள் வீடு பாதிக்கு மேல் என் சம்பளத்தில்தான் ஓடுகிறது. இதையும் சொல்லி வைக்கிறேன், பிறகு நான் ஏன் அப்படிப் பதறினேன் என்று நீங்கள் கேட்கக் கூடாது.

பெருநாள் வியாபாரம் சூடுபிடிக்கத் தொடங்கிய நேரம் என் தொண்டை கட்டியது. கொத்தமல்லி அவித்துக் குடித்தேன், உப்புத் தண்ணீரில் கொப்பளித்தேன், லைவையும் விடவில்லை. ஒருநாள் காலையில் எழும்பி மகளைக் கூப்பிட்டால் வெறும் காற்றுத்தான் வந்தது. ஆஸ்பத்திரியில் காது மூக்கு தொண்டை டாக்டரிடம் போனோம். அவர் குழாயை உள்ளே விட்டுப் பார்த்துவிட்டு, குரல் நாண் வீங்கிச் சின்னச் சின்ன முடிச்சு விழுந்திருக்கிறது என்றார். மருந்தைவிட முக்கியம், அடுத்த கிளினிக் வரைக்கும் ஒரு சொல்லும் பேசக் கூடாது. குசுகுசுக்கவும் கூடாது, அது இன்னும் கெடுதலாம். சொன்னதைக் கேட்காமல் கத்தினால் பழைய குரல் திரும்பி வரும் என்று உத்தரவாதம் தரமாட்டேன் என்றும் சொன்னார். எனக்கு அந்த இடத்திலேயே அழுகை வந்தது. அழுகிற சத்தம்கூட வரவில்லை.

டாக்டர் எழுதித் தந்த மெடிக்கல் சான்றிதழைப் போனில் படம் எடுத்துக் கடைக்கு அனுப்பினேன். வேறு நேரமாக இருந்தால் ஒரு பிரச்சினையும் வந்திருக்காது. எங்கள் பெரிய முதலாளி என்னை அறிந்தவர், பொய் சொல்ல மாட்டேன் என்று நம்புகிறவர். ஆனால் அவர் அந்த வருடம் ஹஜ்ஜுக்குப் போயிருந்தார். கடை அவருடைய மகனின் கையில் இருந்தது. சின்ன முதலாளி கெட்டவர் இல்லை. கட்டாரில் இருந்து வந்து சில மாதம்தான், வாப்பா வருவதற்குள் வியாபாரத்தைத் தூக்கிக் காட்ட வேண்டும் என்று ஓடித்திரிந்த பிள்ளை. லைவ் நின்றதும் வெளியூர் ஓடர்கள் படுத்துவிட்டன. அவருக்கும் பதற்றம் இருந்திருக்கும்.

வீட்டில் என் பாடு சொல்லி முடியாது. பேச வேண்டியதையெல்லாம் போனில் எழுதிக் காட்டினேன். "ரேடியோ பழுதான வீடு மாதிரி இரிக்குகா" என்று கணவர் கேலி செய்தார். அவர் அதை ரசித்த மாதிரியும் தெரிந்தது. வாய்க்கு வேலை இல்லாததால் கை சும்மா இருக்கவில்லை. காலை முதல் இரவு வரை பேஸ்புக்தான். ஊரில் யார் யாருக்குக் கல்யாணம், யார் வீட்டு நாய்க்குட்டி காணாமல் போனது, எல்லாம் எனக்குத் தெரியும். எல்லாவற்றுக்கும் ஒரு கொமென்ட், ஒரு சிரிப்பு. என் பெயருக்குப் பக்கத்தில் பச்சை விளக்கு எரிவதைக் கடையிலும் பார்ப்பார்களே என்று ஒரு நிமிடம்கூட எனக்குத் தோன்றவில்லை.

அந்த நேரம்தான் கோயிலில் கதவு திறந்தது. எங்கள் அம்மனுக்கு வருடத்தில் ஒரு தடவைதான் கதவு திறந்து சடங்கு நடக்கும், அம்மனைக் குளிர்விக்கும் குளிர்த்தியோடு முடியும். அதற்குப் போகாமல் எந்த நோய் வருத்தமும் என்னை வீட்டில் பிடித்து வைக்க முடியாது. டாக்டரும் கோயிலுக்குப் போகக் கூடாது என்று சொல்லவில்லையே! வாயைத் திறக்காமல் போய்வருவேன் என்று கணவருக்கு எழுதிக் காட்டிவிட்டுத்தான் போனேன்.

அம்மனுக்குப் பொங்க நெல் குத்தும் இடத்தில் பெண்கள் சுற்றி நின்று குரவை போடுவது எங்கள் வழக்கம். நாக்கைப் படபடவென்று அசைத்து நீட்டாக ஒரு சத்தம் எழுப்புவோம். அதைக் கேட்டால் உடம்பு சிலிர்க்கும். சின்ன வயதில் இருந்து நான் முன் வரிசை. என் மூச்சுக்கு ஈடு கொடுக்க ஊரில் ஆள் குறைவு என்று சொல்வார்கள். அன்று பின்னால் நிற்கத்தான் போனேன். "என்னகா, பின்னுக்கு நிக்காய்?" என்று இழுத்து முன்னால் விட்டார்கள். உலக்கை எழும்பியது, பறை முழங்கியது, பக்கத்தில் நின்றவள் குரவையைத் தொடங்கினாள். என் கை தானாக வாயோரம் போய்விட்டது, நாக்கும் அசையத் தொடங்கிவிட்டது. தொண்டையை மட்டும் இறுக்கிப் பூட்டிக்கொண்டேன். அம்மனுக்கு முன்னால், அந்தக் கூட்டத்தில், நான் மட்டும் வாயைக் கட்டிக்கொண்டு மரம் மாதிரி நிற்பதா? என்னால் முடியவில்லை. ஒரு சொட்டுச் சத்தம் இல்லாமல் முழுக் குரவையும் போட்டேன். கண்ணில் நீர் வழிந்தது. என் குரலைத் திருப்பித் தா தாயே என்று மனதுக்குள் கேட்டேன்.

சுவிசில் இருந்து வந்திருந்த என் மச்சாள், கணவரின் தங்கை, இதையெல்லாம் போனில் எடுத்துக்கொண்டு நின்றிருக்கிறாள். நல்ல எண்ணத்தில்தான். வீட்டுக்குப் போய் அதை பேஸ்புக்கில் போட்டு, "எங்கட மச்சாள்ட குரவைக்கு நிகர் ஆரு!" என்று எழுதி, என் பெயரையும் சேர்த்து விட்டாள். வீடியோவில் என் முகம்தான் பெரிதாகத் தெரிகிறது. வாய் முழுதாகத் திறந்திருக்கிறது. இருபது முப்பது பெண்களின் குரவையும் சேர்ந்து என் வாயில் இருந்தே வருகிற மாதிரிக் கேட்கிறது. நானே பார்த்துத் திகைத்துப் போனேன்.

லைவ் பார்க்கிறவர்கள் எல்லாரும் அதற்குக் கீழே வந்துவிட்டார்கள். "அக்கா சுகமாயிட்டா போல" என்று சிலர் சந்தோஷப்பட்டார்கள். ஒருத்தி மட்டும், "தொண்டை போச்செண்டு லீவில நிக்கிறவ குரவை போடுறாவே, லைவுக்கு மட்டும்தான் தொண்டை இல்லையோ?" என்று எழுதினாள். பிறகு எல்லாரும் அதற்குச் சிரித்துக்கொண்டே போனார்கள். மச்சாளுக்கு எழுதிச் சொல்லி வீடியோவை நீக்க வைப்பதற்குள் சின்ன முதலாளியிடம் இருந்து செய்தி வந்துவிட்டது. நாளைக் காலையில் கடைக்கு வந்து விளக்கம் சொல்ல வேண்டும், லைவுக்கு வேறு ஒரு பிள்ளையைப் பார்த்து வைத்திருக்கிறோம் என்று எழுதியிருந்தார்.

அன்று இரவு என் கணவருக்கும் கேலி போய்விட்டது. "ரெண்டே ரெண்டு சொல்லு கதைச்சுக் காட்டினா என்ன? குரல் எப்பிடிக் கெட்டுப்போய்க் கிடக்கெண்டு அவரே கேப்பார்தானே" என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. ஆனால் அந்தக் குரல்தானே என் பிழைப்பு? அதைக் காப்பாற்றினால் வேலை போகும், வேலையைக் காப்பாற்றப் போய் அது போய்விட்டால் பிறகு எனக்கு யார் வேலை தருவார்கள்? நல்ல பொறியில்தான் மாட்டிக்கொண்டேன் என்று நினைத்தேன்.

காலையில் பஸ் ஏறி, பேரீச்சமரங்கள் நிற்கும் கடைத் தெருவில் இறங்கினேன். பெருநாளுக்கு முந்திய கடை எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மேலே இருக்கும் அறை முழுக்கத் துணிப் பெட்டிகள். ஒதுங்கிப் பேச ஒரு மூலை இல்லை. கல்லாவுக்குப் பக்கத்தில் வைத்தே கேட்கத் தொடங்கினார்.

"என்னக்கா இது? வாயத் தொறக்கப்படாதெண்டு மெடிக்கல் அனுப்பினீங்க. இதுல வாயத் தொறந்து நிக்கிற ஆரு?" என்று சொல்லி, போனில் சேமித்து வைத்திருந்த வீடியோவைப் போட்டுக் காட்டினார். குரவைச் சத்தம் கடை முழுக்கக் கேட்டது. துணி பார்த்துக்கொண்டு நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ராவும் பகலும் பேஸ்புக்கில் நிற்க முடிகிறது, கடைக்கு வரத்தான் வருத்தமா என்றும் கேட்டார். நான் போனை எடுத்து எழுதினேன். அவசரத்தில் எழுத்துகள் எல்லாம் மாறி மாறி விழுந்தன. அழித்து அழித்து எழுதுவதற்குள் அவரை யாரோ விலை கேட்டுக் கூப்பிட்டார்கள். போய்விட்டு வந்தார். மீண்டும் கூப்பிட்டார்கள். ஒரு மாதிரி எழுதி முடித்து நீட்டினேன். "நான் சத்தம் போடவில்லை, வாயை மட்டும் அசைத்தேன்."

அவர் வாசித்துவிட்டுச் சிரித்தார். "சத்தம் இல்லாத குரவையா? வாய அசைக்கிறதுக்கா கோயிலுக்குப் போற?" என்றார். எங்கள் ஊர்ப் பெண்ணிடம் இதை விளக்க வேண்டியதே இல்லை. அவரிடம் எத்தனை வரி எழுதினாலும் விளங்காது. கடைசியில் அவர், "சரி, ஒரு சொல்லுச் செல்லுங்க. என்ட பேர மட்டும் கூப்பிடுங்க. குரல் எப்பிடி இரிக்கெண்டு நானே கேட்டுக்கொள்றன்" என்றார்.

சுற்றி நின்றவர்கள் என் வாயையே பார்த்தார்கள். என் மகளின் முகம் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது. டாக்டர் சொன்னதும் காதில் கேட்டது. போனால் போகட்டும் என்று மூச்சை இழுத்து வாயைத் திறந்துவிட்டேன்.

"தம்பி, அந்தப் புள்ளயக் கதைக்க வெக்காதீங்க!"

பின்னால் இருந்து ஒரு பெண் குரல். கறுப்பு அபாயா போட்ட, ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் கையில் ஒரு குழந்தைச் சட்டையோடு முன்னால் வந்தார். அதற்கு முன் அவரை நான் பார்த்ததே இல்லை. வந்தவர் என் தோளில் கை வைத்து, "நீ வாய மூடு மகள்" என்றார். பிறகு சின்ன முதலாளியிடம் திரும்பிச் சொன்னது இதுதான், இன்னும் என் காதில் அப்படியே நிற்கிறது.

"எங்கட ஊட்டுக்காரர் பள்ளியில தொழுகைக்குப் பாங்கு செல்லுறவர், தம்பி. போன நோம்புக்கு முன்ன தொண்டை போயிட்டு. பேச்சே இல்ல. இப்ப வேற ஆளு செல்லுறாங்க. ஆனா தொழுகை வக்து வந்தா இவருக்கு ஊட்டுக்குள்ள இரிக்க ஏலா. முத்தத்துல போய் நிண்டு, காதுல கைய வெச்சு, முழுப் பாங்குக்கும் வாய மட்டும் அசைப்பாரு. சத்தம் ஒண்டும் வராது. நீங்க வந்து போட்டோ எடுத்தா, அவர்தான் பாங்கு செல்லுறாரெண்டு சத்தியம் பண்ணுவீங்க."

பிறகு அந்தப் பெண் என்னிடம் திரும்பி, "நீயும் அதத்தானே செஞ்ச?" என்று கேட்டார். ஆமென்று தலையை ஆட்டினேன். அதோடு அடக்கி வைத்திருந்ததெல்லாம் உடைந்துவிட்டது. கடை நடுவில் நின்று, சத்தம் வராமல், சின்னப் பிள்ளை மாதிரி அழுதேன். அந்தப் பெண் தன் சால்வை நுனியால் என் முகத்தைத் துடைத்துவிட்டார். நன்றி சொல்லக்கூட எனக்கு வாயில்லை. அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வெளியே யாரோ ஓட்டோவில் இருந்து அவரைக் கூப்பிட, சட்டைக்குக் காசைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

சின்ன முதலாளி போனைச் சட்டைப் பையில் போட்டார். பிறகு முகத்தைப் பாராமல், "நீங்க ஊட்டுக்குப் போங்கக்கா" என்றார். அவ்வளவுதான். வேலை இருக்கிறதா, இல்லையா? கேட்கவும் வழியில்லை. கூட்டம் அவரை விழுங்கிவிட்டது. பஸ்ஸில் யன்னல் ஓரம் இருந்து, மகளுக்கு என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டே வந்தேன்.

பின்னேரம் கடையின் லைவ் தொடங்கியதாகப் போனில் மணி அடித்தது. புதுப் பிள்ளையைப் பார்க்க மனம் வரவில்லை. பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை. திறந்தேன். அங்கே சின்ன முதலாளி நின்றார்! தோளில் ஒரு குங்குமக் கலர்ச் சாறி, காது இரண்டும் சிவந்து போய், கமெராவைப் பார்க்கக் கூச்சப்பட்டுக்கொண்டு. "எங்கட அக்காவுக்குத் தொண்டை சுகமில்ல. டாக்டர் கதைக்கப்படாதெண்டு சென்ன. அவ வாய மட்டும்தான் அசைச்ச, சத்தம் போடல்ல. அவவப் பத்தி ஆரும் பிழையா எழுத வாணாம். சுகமாகி வருவா. அதுவரைக்கும் நான்தான், குறை நினைக்காதீங்க" என்றார். நான் போனை மடியில் வைத்துவிட்டு மீண்டும் அழுதேன். என் கணவர் பதறிப்போய் ஓடிவந்து எட்டிப் பார்த்தார்.

அழுகை நின்ற பிறகு சிரிப்பு வந்தது. அந்த மனிதர் சாறியைப் பிடித்த பிடி இருக்கிறதே, லொறிக்கு மழைப் படங்கு கட்டுகிற மாதிரி! முந்தானையைக் காட்டச் சொன்னால் உட்பக்கத்தைக் காட்டுகிறார். பருத்திச் சாறியைப் பட்டு என்கிறார். பொறுக்க முடியாமல் கீழே எழுதத் தொடங்கினேன். "தம்பி, அது பருத்தி. மறுபக்கம் திருப்புங்க." அவர் அதைச் சத்தமாக வாசித்தார். "அக்கா செல்லுறா, இது பருத்தியாம்." பார்க்கிறவர்களுக்கு ஒரே கொண்டாட்டம். அடுத்தடுத்த நாளும் அப்படியே நடந்தது. அவர் வாய், என் விரல். மெடிக்கல் லீவில் பேஸ்புக்கில் நிற்கிறாள் என்று குற்றம் சாட்டப்பட்டவள், மெடிக்கல் லீவில் பேஸ்புக்கில் நின்றே பெருநாளுக்குச் சாறி விற்றேன். டாக்டர் விரலுக்குத் தடை போடவில்லையே!

அடுத்த கிளினிக்கில் டாக்டர் பார்த்துவிட்டு, வீக்கம் வற்றிவிட்டது, மெதுவாக உங்கள் பெயரைச் சொல்லுங்கள் என்றார். எனக்குப் பயம். வாயைத் திறந்து மூடினேன். பிறகு சொன்னேன். கொஞ்சம் கரகரத்தது, ஆனால் என் குரல்தான். அந்தக் கரகரப்பு இன்றைக்கும் முழுதாகப் போகவில்லை. ஹஜ்ஜில் இருந்து வந்த பெரிய முதலாளி நடந்ததைக் கேட்டு, பேரீச்சம்பழமும் ஒரு சின்னப் போத்தலில் மக்காவின் புனித ஸம்ஸம் தண்ணீரும் தந்தார். தொண்டைக்கு நல்லது, குடி என்றார். என் இடத்துக்குப் பார்த்து வைத்திருந்த பிள்ளைக்குச் சிறுவர் உடுப்புப் பகுதியில் வேலை கொடுத்தார்கள். இப்போது அவள் எனக்கு நல்ல கூட்டாளி. லைவை முறை வைத்து இருவரும் செய்கிறோம்.

இப்போதெல்லாம் வருத்தம் என்று லீவு எடுத்த ஒருவர் எங்கேயோ சிரித்துக்கொண்டு நிற்கும் படத்தைக் கண்டால், மற்றவர்கள் முந்திக்கொண்டு பேசினாலும் நான் பேசுவதில்லை. படத்தில் தெரிவது முகம் மட்டும்தான். அந்த நேரம் அவர் தொண்டையை இறுக்கிப் பூட்டிக்கொண்டு எதைக் கேட்டு மன்றாடினாரோ, யாருக்குத் தெரியும்?

அந்தப் பெண்ணை அதற்குப் பிறகு நான் காணவில்லை. கடையில் விசாரித்தேன், யாருக்கும் தெரியவில்லை. காத்தான்குடியில் பள்ளிவாசல்கள் ஒன்றா இரண்டா? அவருடைய கணவருக்குக் குரல் திரும்பி வந்ததா என்று கேட்க அன்று எனக்கு வாயில்லாமல் போய்விட்டது, அதுதான் என் கவலை. மாலையில் லைவ் நடக்கும்போது பாங்கு கேட்டால் நாங்கள் கொஞ்ச நேரம் நிறுத்துவோம். அந்த நேரத்தில் போனுக்கு முன்னால் வாய் பேசாமல் நிற்கும்போது, இந்தக் குரல் வேறு யாருடையதும் இல்லை, அந்தப் பெண்ணின் கணவருடையதுதான் என்று ஒவ்வொரு நாளும் நம்பிக்கொள்கிறேன்.